தாரைப் பெயர்த்தால் போதுமா? பள்ளி முற்றம் காலநிலைப் புகலிடமாகும் விதம்

2019 ஜூன் கடைசியில் பிரான்ஸ் நாட்டை ஒரு வெப்ப அலை பிடித்து ஆட்டியது. ஜூன் 28ஆம் தேதி நாட்டின் தெற்கே வெரார்க் என்ற சிற்றூரில் 46 டிகிரி செல்சியஸ் பதிவானது. பிரான்ஸில் அதுவரை அப்படியொரு வெயில் பதிவானதில்லை. அந்த வாரம் பள்ளிப் பிள்ளைகள் நாடெங்கும் எழுதவிருந்த ‘பிரெவே’ பொதுத்தேர்வை அரசு ஜூலைத் தொடக்கத்துக்குத் தள்ளிவைத்தது. ஒரு மாதம் போனதும், ஜூலை 25 அன்று, பாரிஸ் நகரத்திலேயே 42.6 டிகிரி அடித்தது.

42 டிகிரி என்றால் வேலூர்க்காரர்களும் கரூர்க்காரர்களும் ‘இதற்கா இவ்வளவு பதற்றம்?’ என்று கேட்கக்கூடும். பாரிஸ் கட்டப்பட்ட விதத்தைப் பார்த்தால்தான் அந்தப் பதற்றம் புரியும். குளிரை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டிய நகரம் அது. கூரைகளில் பெரும்பாலானவை துத்தநாகத் தகடு. அதற்கு நேர் கீழே, மாடியின் உச்சியில், சின்னஞ்சிறு அறைகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மின்விசிறியோ ஏசியோ இல்லாத வீடுகள் ஏராளம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 பேர் வாழும் நெருக்கம் வேறு. பகலில் சுவரும் தெருவும் உறிஞ்சிய வெப்பம் இரவெல்லாம் வெளியேறிக்கொண்டே இருக்கும். இரவில் உடல் ஆறவில்லை என்றால், அடுத்த நாள் வெயிலை முதியவர்களின் இதயம் தாங்குவதில்லை. 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் ஏறத்தாழ 15,000 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். தனியாக வசித்தவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

இந்தப் பின்னணியில் பிறந்ததுதான் ‘காலநிலைப் புகலிடம்’ என்னும் எண்ணம். புயல் வந்தால் போய்த் தங்குவதற்கு ஓர் இடம் இருப்பதுபோல, வெப்பம் கொல்லும் நாட்களில் நடந்தே போய், காசு கொடுக்காமல், யாரிடமும் காரணம் சொல்லாமல் சில மணி நேரம் உட்கார்ந்து உடலை ஆற்றிக்கொள்ள ஓர் இடம். நூலகமாக இருக்கலாம், பூங்காவாக இருக்கலாம், தேவாலயமாகக்கூட இருக்கலாம். பாரிஸும் பார்சிலோனாவும் இதற்குப் பள்ளிக்கூட முற்றங்களைத் தேர்ந்தெடுத்தன. பார்த்தால் தாரை அகற்றி மரம் வைக்கும் வேலைதான். ஆனால் முற்றம் உண்மையில் புகலிடமாவதற்குப் பல கைகள் ஒரே மேசையில் சேர வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை தாரிலும் மரத்திலும் தொடங்கி, அந்த மேசைக்கு வந்து சேரும்.

ஏன் பள்ளிக்கூடம்?

பாரிஸில் பூங்காவுக்குப் புதிதாக இடம் தேடுவது வீண் வேலை. இடம் இல்லை, இருந்தாலும் விலைக்கு வாங்கி முடியாது. ஆனால் மாநகராட்சியின் கையில் ஏற்கெனவே ஒரு சொத்து இருந்தது. நகரத்தின் பள்ளி முற்றங்களை எல்லாம் சேர்த்தால் 70 ஹெக்டேருக்கு மேல் வரும். நம் கணக்கில் 170 ஏக்கருக்கும் அதிகம். அத்தனையும் பொதுச்சொத்து. பணக்கார வட்டாரம், ஏழை வட்டாரம் என்ற வேறுபாடு இல்லாமல் நகரம் முழுக்கச் சீராகப் பரவிக் கிடக்கிறது. எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் சில நிமிட நடையில் ஒரு பள்ளி வந்துவிடும். அந்த 170 ஏக்கரும் அன்று அநேகமாக முழுக்கக் கறுப்புத் தார்.

தார் போட்டதற்குக் காரணம் இருந்தது. பெருக்குவது சுலபம். மழையில் சேறாகாது. ஒரே மூலையில் நின்றுகொண்டு ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளையும் கண்காணிக்கலாம். பல பத்தாண்டுகள் அது நல்ல தீர்வாகவே தெரிந்தது. கோடை மாறியபோது அதே தளம் கேடாகிவிட்டது.

2017இல் பாரிஸ் மாநகராட்சி தன் ‘தாங்குதிறன் திட்டத்தை’ நிறைவேற்றியது. வெள்ளம், வெப்பம், சமூகப் பிளவு போன்ற அதிர்ச்சிகளை நகரம் எப்படித் தாங்கி எழும் என்பதற்கான திட்டம் அது. அப்போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் செபாஸ்தியன் மேர். பள்ளி முற்றங்களை ‘ஒயாசிஸ்’ (பாலைவனச் சோலை) முற்றங்களாக மாற்றும் யோசனை அந்தத் திட்டத்தில் இடம்பெற்றது. 2018 கோடையில் முதல் சில முற்றங்கள் மாற்றப்பட்டன. 18ஆம் வட்டாரத்தின் சார்ல் எர்மித் பள்ளியும் 20ஆம் வட்டாரத்தின் ரிப்லெத் பள்ளியும் அவற்றில் அடக்கம். இன்று மாற்றப்பட்ட முற்றங்கள் நூறைத் தாண்டிவிட்டன.

முற்றம் எப்படிக் குளிர்கிறது?

கறுப்புத் தார் தன்மீது விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு காற்றைவிடப் பல டிகிரி அதிகமாகச் சூடாகும். செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. மாலையானதும் விழுங்கியதை மெல்ல மெல்லக் கக்கும். சுற்றியுள்ள கிராமம் குளிர்ந்த பிறகும் நகரம் சூடாகவே கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைத்தான் ‘நகர வெப்பத் தீவு’ என்கிறார்கள்.

இதற்கு எதிராகச் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது நிழல்: வெயில் தரையில் விழவே விடக்கூடாது. இரண்டாவது ஈரம். மண்ணில் இருக்கும் நீரும் இலைகள் வெளியிடும் நீரும் ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகின்றன. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிர வைக்கிறது. தார் போட்ட தரை, மேலே அரக்கு பூசி அடைத்த பானை. எத்தனை மழை பெய்தாலும் அதற்குள் நீர் தங்காது, ஆவியாக ஒன்றும் இராது. மூன்றாவது நிறம். வெளிர்நிறத் தளம் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும்.

இதில் மூன்றாவதை மட்டும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. வெளிர்நிறக் கான்கிரீட் தளம் தான் சூடாகாமல் இருக்கலாம். ஆனால் அது திருப்பி அனுப்பும் வெயில் அங்கே நிற்கும் பிள்ளையின் முகத்தில்தான் போய் விழுகிறது. கண்ணும் கூசும். பாரிஸின் தொடக்க முற்றங்களில் நீர் கசியவிடும் வெளிர்நிறத் தளங்களுக்கு முக்கிய இடம் கிடைத்தது. பிந்தைய முற்றங்களில் மண்ணும் செடியும் மரச்சீவலும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் சரியான திருப்பம் அதுதான்.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ‘முற்றத்தை மாற்றினால் எத்தனை டிகிரி குறையும்?’ என்று கேட்பார்கள். காற்றின் வெப்பநிலையைக் கேட்கிறார்கள் என்றால், பதில் ஏமாற்றம் தரும்: கொஞ்சம்தான் குறையும். காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை. பக்கத்துத் தெருவின் சூட்டை அள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வந்துவிடும். நான்கு மரம் வைத்த முற்றம் நகரத்தின் காற்றைக் குளிர்வித்துவிடாது. ஆனால் நம் உடல் உணரும் வெப்பம் காற்றால் மட்டும் வருவதில்லை. மேலிருந்து அடிக்கும் வெயில், கீழிருந்து எழும் தரைச்சூடு, பக்கத்துச் சுவர் வீசும் அனல், காற்றோட்டம், ஈரப்பதம் ஆகிய எல்லாம் சேர்ந்ததே உடலின் கணக்கு. மரத்தடியில் ஈர மண்மீது உட்கார்ந்திருப்பவருக்கும் பத்தடி தள்ளி வெயிலில் தார்மீது நிற்பவருக்கும் சாதாரண வெப்பமானி ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். உடல் உணர்வதோ பல டிகிரி வித்தியாசம். அதனால்தான் இந்த ஆய்வுகளில் சாதாரண வெப்பமானியோடு, கறுப்பு வண்ணம் பூசிய உருண்டைக்குள் பொருத்திய வெப்பமானியையும் வைக்கிறார்கள். நாலாபக்கமும் இருந்து வரும் அனலை அந்த உருண்டை வாங்கிக் காட்டும்.

ஆகவே பள்ளி முற்றம் நகரத்தைக் குளிர்விக்கும் எந்திரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே வந்து உட்காரும் மனிதரை அது காக்கிறது. அவர் உள்ளே வர முடிந்தால்தான் காக்கிறது. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் கூட்டணியின் தேவையே அடங்கியிருக்கிறது. அதற்கு வருமுன் மழையைப் பற்றிக் கொஞ்சம்.

மழையும் இதே கதையில்

பாரிஸின் பெரும்பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே பாதாளச் சாக்கடையில்தான் ஓடுகின்றன. பெருமழை கொட்டினால் சாக்கடை தாங்காமல் உபரி நீர் செய்ன் ஆற்றில் கலந்துவிடும். 2024 ஒலிம்பிக்கின்போது ஆற்றில் நீச்சல் போட்டி நடத்துவதற்காக ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்தின் அருகே 50,000 கன மீட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி கட்டினார்களே, அது இந்த உபரியைப் பிடித்து வைப்பதற்குத்தான். தார் பெயர்க்கப்பட்ட ஒவ்வொரு முற்றமும் அந்தத் தொட்டியின் வேலையில் ஒரு சிறு பங்கைச் செய்கிறது. கூரையிலிருந்து இறங்கும் குழாயைச் சாக்கடைக்குப் போகாமல் திருப்பி, முற்றத்தின் நடுவே உள்ள பள்ளமான செடிப்பாத்திக்கு விடுகிறார்கள். மழை மண்ணில் இறங்குகிறது. அந்த ஈரம் பின்னால் வெயில் நாளில் ஆவியாகி முற்றத்தைக் குளிர்விக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படிச் செய்துவிட முடியாது. தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த லா சப்பல் கடைத்தெரு 10ஆம், 18ஆம் வட்டாரங்களில் இருக்கிறது. அந்த வட்டாரங்கள் உள்ளிட்ட வடகிழக்குப் பாரிஸின் சில பகுதிகளில் நிலத்தடியில் ஜிப்சம் படிவுகள் உண்டு. நீர் இறங்கினால் ஜிப்சம் கரைந்து நிலம் உள்வாங்கும். தெற்கே பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் நகரத்தின் அடியில் குடைந்து கிடக்கின்றன. எங்கே நீரை இறக்கலாம், எங்கே மேல்மண்ணோடு நிறுத்த வேண்டும் என்பதை நிலத்தடி அறிந்தவர்கள் சொல்லித்தான் தீர்மானிக்க முடியும். பள்ளித் தலைமையாசிரியருக்கோ தோட்டக்கலைத் துறைக்கோ இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மேசையைச் சுற்றி யார் யார்?

ஒரு பாரிஸ் தொடக்கப் பள்ளியின் முற்றத்தில் ஒரு மரம் நட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிரெஞ்சுச் சட்டப்படி தொடக்கப் பள்ளிக் கட்டடம் மாநகராட்சியுடையது. ஆனால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவதும் அவர்களை மேற்பார்ப்பதும் தேசியக் கல்வி அமைச்சகம். பள்ளி முடிந்த பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர்கள் மாநகராட்சி ஊழியர்கள். துப்புரவுப் பணியாளர்கள், வாசலில் இருக்கும் காவலாளி, மதிய உணவு நேரத்தைக் கவனிப்பவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு மேலதிகாரி. மாநகராட்சிக்குள்ளேயே கட்டடங்களை ஒரு துறை, மரங்களை இன்னொரு துறை, நீரையும் துப்புரவையும் வேறொரு துறை, பள்ளி நிர்வாகத்தை மற்றொரு துறை பார்க்கிறது. இவர்களில் ஒருவர் ‘முடியாது’ என்று சொன்னாலும் மரம் வராது. வந்தாலும் நிலைக்காது.

அந்த மறுப்புகளில் பல நியாயமானவை. மரச்சீவல் காலணியில் ஒட்டி வகுப்பறைக்குள் வரும். அதைக் கூட்டப்போவது அதே துப்புரவுப் பணியாளர், அதே சம்பளத்தில். செடிக்குப் பின்னால் ஒளியும் பிள்ளை விழுந்து அடிபட்டால் கேள்வி ஆசிரியரை நோக்கித்தான் வரும். பெற்றோருக்குத் தினம் ஒரு சட்டை துவைக்க வேண்டிவரும். இவர்களைக் கேட்காமல் வரைபடம் போட்டால், திறப்பு விழா முடிந்த சில மாதங்களில் செடிப்பாத்தியைச் சுற்றி ‘உள்ளே போகாதே’ கயிறு கட்டப்பட்டுவிடும். பச்சை இருக்கும், பயன் இருக்காது.

2018இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘அர்பன் இன்னோவேட்டிவ் ஆக்‌ஷன்ஸ்’ என்னும் நிதித் திட்டம் காலநிலைத் தகவமைப்புக்காக நகரங்களிடம் யோசனைகள் கேட்டது. பாரிஸும் பார்சிலோனாவும் ஒரே சுற்றில், ஏறத்தாழ ஒரே எண்ணத்தோடு, தேர்வாயின. பாரிஸுக்கு ஏறத்தாழ 50 லட்சம் யூரோவும் பார்சிலோனாவுக்கு 40 லட்சம் யூரோவும் கிடைத்தன. அந்த நிதி மாநகராட்சியைத் தனியாக ஓட விடுவதில்லை. ஆய்வு நிறுவனங்களும் பொது அமைப்புகளும் பெயரளவு ஆலோசகர்களாக இல்லாமல், வேலையிலும் பணத்திலும் பங்குள்ள கூட்டாளிகளாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

பாரிஸ் அந்த நிதியில் பத்துப் பள்ளிகளை எடுத்துக்கொண்டது. கட்டடக்கலை ஆலோசனை தரும் பொது அமைப்பான ‘கோ த பாரி’ பிள்ளைகளோடும் ஊழியர்களோடும் வடிவமைப்புப் பட்டறைகளை நடத்தியது. பிரான்ஸின் வானிலை நிறுவனமான மெத்தெயோ-பிரான்ஸும் எசியே பாரி பொறியியல் கல்லூரியும் வெப்ப ஆய்வில் கூட்டாளிகள். சியான்ஸ் போ பல்கலைக்கழகத்தின் பொதுக்கொள்கை ஆய்வகம் சமூக விளைவுகளை ஆராய்ந்தது. லீக் த லான்சென்யமான் என்ற பழம்பெரும் கல்வி அமைப்பு அக்கம்பக்கத்தாரை முற்றத்துக்குள் அழைக்கும் வேலையில் இருந்தது. செய்ன்-நார்மண்டி நீர் முகமை, மழைநீரைச் சாக்கடையிலிருந்து திருப்பும் வேலைக்குப் பணம் தந்தது. இந்தப் பட்டியலை விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே முற்றத்தை வெப்பம் என்று ஒருவர் பார்க்கிறார், சாக்கடைச் சுமை என்று ஒருவர், பிள்ளைகளின் சண்டை என்று ஒருவர், பூட்டிய வாசல் என்று ஒருவர். பணமும் அந்தந்தப் பார்வையின் வழியாகவே வருகிறது.

வேலை நடக்கும் முறையும் இதற்கேற்ப அமைந்தது. பள்ளி ஆண்டு முழுக்கப் பேச்சும் அளவெடுப்பும். பிள்ளைகள் தங்கள் முற்றத்தில் எங்கே சூடு, எங்கே காற்று வரும், எங்கே யாரும் போவதில்லை என்று வரைபடத்தில் குறிக்கிறார்கள். அட்டையில் மாதிரி செய்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி மூடியிருக்கும்போது எந்திரங்கள் வந்து தாரைப் பெயர்க்கின்றன. குளிர் தொடங்கிய பிறகு மரம் நடுகிறார்கள், ஏனென்றால் அங்கே அதுதான் நடவுப் பருவம். பிள்ளைகள் கேட்டவை பெரும்பாலும் பெரியவர்கள் நினைத்தவை அல்ல: ஒளிந்துகொள்ள இடம், ஏற ஒரு மரக்கட்டை, தண்ணீர், தனியாக உட்கார ஒரு மூலை. விலையுயர்ந்த விளையாட்டுச் சாதனங்களின் இடத்தில் அடிமரத் துண்டுகளும், உயிருள்ள வில்லோ குச்சிகளை வளைத்துக் கட்டிய குடில்களும், மழைநீர் ஓடும் சிறு கால்வாய்களும் வந்தன.

நடுவில் பந்து, ஓரத்தில் பெண்பிள்ளைகள்

வெப்பத்தைக் குறைக்கப் போனவர்கள் எதிர்பாராத ஒன்றையும் தொட்டார்கள் என்று சொல்வதைவிட, பள்ளி ஆய்வாளர்கள் முன்பே சொல்லிவந்த ஒன்று இப்போது காதில் விழுந்தது என்று சொல்வது சரி. பழைய தார் முற்றத்தின் நடுவில் கால்பந்துக் கோடுகள் இருக்கும். இடைவேளையில் பந்து விளையாடும் சில பையன்கள் பெரும்பரப்பை எடுத்துக்கொள்வார்கள். மற்ற பையன்களும் பெண்பிள்ளைகளும் சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள். புவியியலாளர் எதித் மாருஜூல் பள்ளி முற்றங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, இடப் பங்கீட்டின் இந்த ஏற்றத்தாழ்வைப் பிரான்ஸில் பொதுவிவாதமாக்கினார். முற்றத்தின் நடுவில் மேடும் செடியும் நிழலும் வந்ததும் ஓடும் விளையாட்டுக்கு ஒரு பக்கம், பேச்சுக்கும் கதைக்கும் வேறு பக்கம் என்று இடம் பிரிகிறது. பந்தை அடியோடு விரட்டிவிடக் கூடாது; ஓடி ஆடும் இடமும் பிள்ளைகளுக்கு வேண்டும். அதைச் சின்னதாக்கி ஓரத்துக்கு நகர்த்துவதே பெரும்பாலான பள்ளிகள் கண்ட சமரசம். இந்த மாற்றத்துக்கு வெப்ப அலை தேவைப்பட்டிருக்கக் கூடாது. ஆனாலும் நடந்தது நல்லதே.

பார்சிலோனாவின் பாடம்

பார்சிலோனா பதினொரு பள்ளிகளை எடுத்துக்கொண்டு மூன்று நிறங்களில் வேலையைப் பிரித்தது. பச்சை என்றால் செடியும் நிழலும். நீலம் என்றால் நீர். சாம்பல் என்றால் கட்டடம்: சன்னல் மறைப்பு, காற்றோட்டம், வெப்பம் புகாத சுவர். பதினொரு பள்ளிகளிலும் சேர்த்து 74 மரங்கள், தண்ணீர் கிடைக்கும் 26 புதிய இடங்கள், 2,213 சதுர மீட்டர் நிழல், 1,000 சதுர மீட்டர் இயற்கைத் தரை உருவாயின. எண்களை ஒப்பிட்டால் ஒரு விஷயம் தெரியும்: நிழலில் பெரும்பங்கு பந்தல்களாலும் துணிக் கூரைகளாலும் வந்திருக்கிறது. புதிதாக நட்ட மரம் உருப்படியான நிழல் தரப் பத்து ஆண்டுகள் ஆகலாம்; இன்று முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் பள்ளியைவிட்டே போய்விடும். பந்தல் இன்றைக்கு, மரம் நாளைக்கு என்று இரண்டையும் சேர்த்து வைத்தது நல்ல புத்தி.

அங்கே நகரத்தின் பொதுச் சுகாதார முகமையும் ஐஎஸ்குளோபல் என்ற சுகாதார ஆய்வு நிறுவனமும் கூட்டாளிகளாக இருந்தன. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வெப்பத்தோடு பிள்ளைகளின் நலத்தையும் ஆராய்ந்தார்கள். சுகாதாரத் துறை மேசைக்கு வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. ‘முற்றம் எத்தனை டிகிரி குளிர்ந்தது?’ என்பதிலிருந்து ‘யாருக்குத் தலைவலி குறைந்தது, யார் நன்றாகக் கவனித்துப் படிக்கிறார்கள்?’ என்று நகர்கிறது.

பார்சிலோனா இன்னொன்றும் செய்தது. 2020இல் நூலகங்கள், பூங்காக்கள், சமூகக் கூடங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றை ஒரே வலையமைப்பாகக் கோத்து, ‘இவை காலநிலைப் புகலிடங்கள்’ என்று வரைபடம் போட்டு மக்களுக்கு அறிவித்தது. தொடக்கத்தில் 70 இடங்கள்; சில ஆண்டுகளில் அவை 300ஐத் தாண்டின. மாற்றப்பட்ட பள்ளி முற்றங்கள் அந்த வலையில் ஒரு கண்ணி. வெயில் கடுமையாகும் நாளில் பாட்டி ஒருவர் எங்கே போகலாம் என்று அந்த வரைபடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெயரும் பலகையும் சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். இருக்கும் இடமே தெரியாவிட்டால் புகலிடம் இருந்தும் பயனில்லை.

அமெரிக்காவில் இதே வேலை வேறு வாசல் வழியாக வந்தது. அங்கே முதலில் முன்வந்தவர்களில் நீர்த்துறையினர் முக்கியமானவர்கள். ஃபிலடெல்ஃபியா நகரம் 2011இல் தொடங்கிய 25 ஆண்டுத் திட்டத்தில், சாக்கடைகளை விரிவாக்குவதைவிட மழையை மண்ணிலேயே பிடிப்பது மலிவு என்று முடிவெடுத்தது. அங்கே நீர்த்துறை, அரசுப் பள்ளிகளை நடத்தும் ‘பள்ளி மாவட்டம்’ என்ற நிர்வாகம், ‘டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட்’ என்ற தொண்டு நிறுவனம் மூன்றும் சேர்ந்து தார் முற்றங்களைத் தோட்டமும் திடலுமாக மாற்றின. நியூயார்க்கில் 2007இலேயே பள்ளி முற்றங்களை மாலையிலும் வார இறுதியிலும் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிடும் திட்டம் தொடங்கியது. வெப்பம் அப்போது பேசுபொருளே அல்ல. நடந்துபோகும் தூரத்தில் பூங்கா இல்லை என்பதுதான் அங்கே கவலை.

சாவி யாரிடம்?

முற்றம் குளிர்ந்துவிட்டது. சனிக்கிழமை மதியம் எதிர்வீட்டு முதியவர் உள்ளே வர முடியுமா? அங்கேதான் எல்லாத் திட்டமும் தடுமாறுகிறது.

பாரிஸில் 2015 பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு பள்ளிகளுக்கு ‘விஜிபிராத்’ என்னும் பயங்கரவாதத் தடுப்புத் திட்டத்தின் பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. அறிமுகமற்றவர்கள் பள்ளிக்குள் நுழைவதே கேள்விக்குரிய காலம் அது. இதற்கு அவர்கள் கண்ட வழி: பள்ளி நடக்கும் நேரத்தில் யாருக்கும் அனுமதி இல்லை, சனிக்கிழமைகளில் மட்டும், கட்டடத்தைப் பூட்டிவிட்டு, முற்றத்தை மட்டும் திறப்பது, ஓர் அமைப்போ மாநகராட்சி ஊழியரோ பொறுப்பில் இருப்பது. கழிப்பறை தெருவிலிருந்து அல்லது முற்றத்திலிருந்தே அடையும்படி இருக்க வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால் காப்பீடு யாருடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வருமுன் உடைந்த பாட்டில் எதுவும் கிடக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இவை எல்லாம் ஒப்பந்தத்தில் வரும் சில வரிகள். அவை இல்லாமல்தான் அழகான முற்றங்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்றுவிடுகின்றன.

அதைவிடப் பெரிய முரண் நாட்காட்டியில் இருக்கிறது. பாரிஸில் மிகக் கொடிய வெயில் ஜூலையிலும் ஆகஸ்டிலும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். 2003இல் மக்கள் இறந்தது ஆகஸ்டில். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடுமுறைக்கு ஊரைவிட்டுப் போயிருந்த மாதம். அந்த மாதத்தில் பூட்டிக் கிடக்கும் முற்றத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான நல்ல விளையாட்டிடம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஊருக்கான புகலிடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்சிலோனா தன் பள்ளிகளைக் கோடை விடுமுறையிலும் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டதை நான் உயர்வாக மதிப்பதற்கு இதுவே காரணம்.

2023 அக்டோபரில் பாரிஸ் ஓர் ஒத்திகை நடத்தியது. நகரத்தில் 50 டிகிரி அடித்தால் என்ன செய்வது என்று 13ஆம், 19ஆம் வட்டாரங்களில் பள்ளிப் பிள்ளைகளையும் அவசர உதவிப் பணியாளர்களையும் வைத்துப் பார்த்தார்கள். அந்த அளவு வெப்பத்தில் திறந்த முற்றத்தின் நிழல் மட்டும் போதாது. குளிர்ந்த உள்ளறையும் தடித்த சுவரும் வேண்டும். முற்றத்தை மாற்றுவதோடு நிற்காமல் பள்ளிக் கட்டடத்தின் சன்னலையும் கூரையையும் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லும் பார்சிலோனாவின் ‘சாம்பல்’ பங்கு இங்கேதான் அர்த்தம் பெறுகிறது. அதற்கு ஆகும் செலவு முற்றத்தைவிடப் பல மடங்கு. முற்றம் ஒன்றை மாற்றுவதற்கே பாரிஸில் சில லட்சம் யூரோ ஆகிறது. ஆகவே எந்தப் பள்ளி முதலில் என்பதில் நகரங்கள் அளவுகோல் வைத்தே ஆக வேண்டும்: பக்கத்தில் பூங்கா இல்லாத, வீடுகள் நெருக்கமான, வருமானம் குறைந்த வட்டாரங்கள் வரிசையில் முன்னால் வர வேண்டும். குரல் உயர்த்தத் தெரிந்த பெற்றோர் சங்கங்கள் உள்ள பள்ளிகளே முந்திக்கொள்ளும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

கடைசியாகத் தண்ணீர். புதிதாக நட்ட மரத்துக்கு முதல் சில கோடைகள் தண்ணீர் ஊற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் பட்டுப்போகும். பள்ளி மூடியிருக்கும் ஆகஸ்டில்தான் அதற்குத் தாகம் அதிகம். வறட்சிக் கட்டுப்பாட்டால் நகரம் தண்ணீரைச் சிக்கனமாக்குவதும் அப்போதுதான். ஒப்பந்தத்தில் ‘பராமரிப்பு’ என்ற பொதுச் சொல்லோடு விட்டுவிடாமல், எந்தத் துறையின் எந்த ஊழியர், எந்தக் குழாயிலிருந்து, எந்தெந்த வாரம் வந்து ஊற்றுவார் என்று எழுதி, அதற்கான சம்பளத்தையும் திட்டச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும். அக்கம்பக்கத்தார் குழு ஒன்றுக்குச் சனிக்கிழமைச் சாவி கொடுக்கப்பட்டிருந்தால், ஆகஸ்டில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் அவர்களிடமே கேட்டுப் பெறலாம். அவர்கள் உள்ளே வந்து உட்காரும் நிழல் அதே மரத்தினுடையதுதானே.